தண்ணீரில் போன எட்டு வருடம்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகிற சாலையில் திருப்பாச்சூர் என்று ஒரு ஊர். திருப்பதி பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேர் தூக்கத்திலேயே தாண்டிவிடுவார்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் என்பது கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது ஒரு ஸ்டாப்பிங்.

அந்தப் பக்கம் என் நண்பர் ஒருவர் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். நாலு லேத், ரெண்டு டிரில்லிங் மெஷின், பன்னிரண்டு ஆட்கள். கார் கம்பெனிக்குப் பாகம் சப்ளை செய்கிறவருக்குப் பாகம் சப்ளை செய்கிறவருக்கு இவர் புஷ் கடைந்து கொடுக்கிறார். காரில் அது எங்கே உட்காருகிறது என்று அவருக்கே தெரியாது. நல்ல மனிதர். தீபாவளி போனஸில் கை வைக்க மாட்டார்.

2015 டிசம்பர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். நண்பரின் ஷெட்டுக்குள் பின்பக்கக் கால்வாய்த் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு வந்து, மூணு நாள் தங்கிவிட்டுப் போனது. லேத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். மோட்டார்களைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது, ஒன்றைத் தவிர. ஆபீஸ் ரூமில் மேஜைக்கு அடியில், தரையோடு தரையாக இருந்த கம்ப்யூட்டர். திறந்து பார்த்தால் உள்ளே வண்டல். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிற மாதிரி ஒரு பையன் வந்து ஹார்டு டிஸ்க்கைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "போயிடுச்சு சார்" என்றான்.

"மெஷினுக்கு இன்ஷூரன்ஸ் வந்துடுச்சு. கம்ப்யூட்டர் புதுசு வாங்கியாச்சு. கடவுள் காப்பாத்தினார்" என்று நண்பர் போனில் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன்.

நாலு வருடம் கழித்து, 2019-ல் ஒரு நாள் அவர் ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அங்கே 2001-லிருந்து 2009 வரை லேத்தில் வேலை பார்த்தவர். பிறகு வேறு கம்பெனியில் ஆறு வருடம். வயது 58 ஆகிவிட்டது, பி.எஃப். பென்ஷனுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பழைய கணக்கில் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, பிறந்த தேதியும் வேறு. அந்த ஆள்தான் இந்த ஆள் என்று காட்ட பழைய கம்பெனியின் சம்பளப் பதிவேட்டு நகல் வேண்டும் என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். பி.எஃப்.பில் மாதாந்திர பென்ஷன் கிடைக்கக் குறைந்தது பத்து வருட சர்வீஸ் வேண்டும். அதற்குக் கீழே என்றால் கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். 2014-ல் யு.ஏ.என். என்கிற ஒற்றை எண் வரும்வரை கம்பெனிக்குக் கம்பெனி ஒரு பி.எஃப். நம்பர். பழசையும் புதுசையும் சேர்ப்பது தொழிலாளியின் தலையெழுத்து. பெரியவரிடம் உறுதியாக இருந்தது ஆறு வருடம். பத்தைத் தாண்ட வைக்க வேண்டிய எட்டு வருடம் நண்பரின் கம்ப்யூட்டரில் இருந்தது.

"அது 2015 வெள்ளத்துல போச்சுப்பா. எனக்கே எவ்வளவு நஷ்டம் தெரியுமா?" என்றார் நண்பர், உண்மையான வருத்தத்தோடு.

பெரியவர் கோபப்படவில்லை. "உங்களுக்கு கம்ப்யூட்டர் போச்சு சார். எனக்கு எட்டு வருஷம் இல்ல போச்சு" என்றார்.

டீ ஆறிவிட்டது.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். நண்பரின் கட்சி எளிமையானது. "மழை என்னைக் கேட்டா பெய்ஞ்சது? கால்வாயை நானா உடைச்சேன்? பக்கத்து ஷெட்காரனும்தான் கம்ப்யூட்டரைக் கீழே வெச்சிருந்தான். அவன் ஷெட் ரெண்டடி மேடு, தப்பிச்சான். அவன் யோக்கியன், நான் அயோக்கியனா?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு டபிள்யூ.கே. கிளிஃபோர்ட் என்கிற இங்கிலாந்துக் கணித மேதை தேவைப்பட்டார். 1877-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. பழுது பார்க்க வேண்டுமோ என்று ஒரு சந்தேகம் வருகிறது, கூடவே செலவும் ஞாபகம் வருகிறது. 'இத்தனை தடவை போய் வந்த கப்பல்தானே, கடவுள் இருக்கிறார்' என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, நாடு விட்டு நாடு குடியேறப் போகிற ஏழைக் குடும்பங்களை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. முதலாளி இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அவர் மனதார நம்பினார் என்பது உண்மைதான். ஆனால் சோதித்துப் பார்க்காமல் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்ட். அதோடு விடவில்லை. ஒருவேளை கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் அதே அளவு குற்றவாளிதான், மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்கிறார்.

ஆக, மேட்டு ஷெட்காரரும் யோக்கியர் இல்லை. ரெண்டடி மேடு அவருடைய ஒழுக்கம் அல்ல, நிலத்தின் வாட்டம்.

நண்பர் மடக்கினார். "அந்தக் கப்பல்ல மனுஷங்க இருந்தாங்க. என் கம்ப்யூட்டர்ல என்ன இருந்தது? எக்ஸெல் ஷீட்டு."

இந்த இடத்தில்தான் நாம் எல்லோருமே தடுக்கி விழுகிறோம் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டர் என் காசில் வாங்கியது, என் மேஜையில் இருக்கிறது, ஆகவே அதற்குள் இருப்பதும் என் சொத்து. என் சொத்தை நான் கவனிக்காமல் விட்டால் நஷ்டம் எனக்கு. என் சோம்பேறித்தனம், என் பாடு. இதில் அடுத்தவன் கேட்க என்ன இருக்கிறது?

அந்த டிஸ்க்கில் இருந்ததைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டு பேரின் சம்பளக் கணக்கு. போனவர்கள், வந்தவர்கள் என்று இன்னும் ஒரு முப்பது பேரின் வருகைப் பதிவு. சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கி. ஒரு பையனுக்கு விரல் நசுங்கியபோது எழுதிய விபத்து ரிப்போர்ட். இதில் நண்பருக்கு மட்டும் சொந்தமானது என்று பார்த்தால் அவர் பெண்ணின் கல்யாண ஆல்பம் ஒன்றுதான். மிச்சமெல்லாம் அடுத்தவர்கள் கொடுத்து வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது நகைப் பெட்டியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனால், அதைத் தரையில், வாசல் பக்கமாக வைப்போமா? நம் பீரோவிலேயே நல்ல தட்டு எது என்று தேடி அதில் வைப்போம். திருட்டுப் போனால் 'என் வீட்டிலும்தான் போச்சு' என்று சொல்ல நாக்கு கூசும்.

நம் நாட்டில் 2023-ல் தனிநபர் டேட்டா பாதுகாப்புக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் அடுத்தவர் விவரங்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 'டேட்டா ஃபிடூஷியரி' என்று பெயர். அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காப்பவர், தர்மகர்த்தா மாதிரி. சட்டம் எழுதுகிறவர்கள் எப்போதாவது ஒரு நல்ல வார்த்தையைப் பிடித்துவிடுகிறார்கள்.

நண்பர் முதலாளி என்ற ஸ்தானத்திலிருந்து தர்மகர்த்தாவாக மாற மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எல்லாம் காலிகோ பைண்டிங் போட்ட லெட்ஜரில்தான் இருந்ததாம். 'கம்ப்யூட்டரைஸ்' செய்த பிறகு இடத்தை அடைக்கிறதென்று பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிட்டார்.

கையில் இருந்த ஒரே நகலைப் போட்டுவிட்டு, அதற்குப் பதில் இன்னொரு ஒரே நகலை வைத்துக்கொண்டார். இதற்குப் பெயர் நவீனமயம்!

அன்று திரும்பும்போது திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயிலில் இறங்கிவிட்டுப் போனேன். மூங்கில் புதரிலிருந்து கண்டெடுத்த சுயம்பு லிங்கம் என்பது தலபுராணம். எனக்கு வேலை சுவர்களில். கல்வெட்டுகள். படிக்க முழுதாக வராது, விரலால் தடவிப் பார்க்க வரும். யாரோ எதற்கோ கொடுத்த தானத்தை யாரோ உட்கார்ந்து கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சாட்சிக்குப் பேப்பர் கேட்பார்கள் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இந்தக் கல்வெட்டு விஷயத்தில் நம் பாட்டி ஒருத்தி செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். 10-ம் நூற்றாண்டில் கண்டராதித்தரின் மனைவி, உத்தம சோழனின் தாய், செம்பியன் மாதேவி. பழைய கோயில்களைக் கற்றளியாக மாற்றிக் கட்டிக்கொண்டே போனவர். கும்பகோணம் பக்கத்தில் திருக்கோடிக்காவல் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் மறுபடி வெட்ட வைத்தார். இது பழைய கல்லின் படி என்று குறிப்பும் போட்டு! அந்தச் சாசனங்கள் அவர் கொடுத்தவை அல்ல. விளக்கெரிக்கப் பொன்னும் நிலமும் கொடுத்தவர்கள் என்றைக்கோ செத்துப் போய்விட்டார்கள். 'என் எழுத்து எங்கே' என்று கேட்டு வழக்குப் போட அவர்களால் முடியாது. மகாராணி நினைத்திருந்தால் பழைய கல்லை அஸ்திவாரத்தில் போட்டு மூடியிருக்கலாம். கட்டட வேலையில் அது சகஜம். செய்யவில்லை. புதுசு வந்தது என்பதற்காகப் பழையவர்களின் கணக்கை அழிக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எடைக்குப் போட்ட என் நண்பரைவிட ஆயிரம் வருடம் முன்னேறியவர்.

தேவாரத்துக்கே இந்தக் கதைதான். தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்த ஏடுகளைக் கரையான் தின்றது போக மிஞ்சியதைத்தான் நம்பியாண்டார் நம்பி எடுத்துத் தொகுத்தார் என்கிறது வரலாறு சொல்லும் புராணம். ஒரே இடம், ஒரே அறை, பெரிய பூட்டு. கரையானுக்குப் பூட்டு தெரியாது. ஆனால் திருவாரூர்ப் பக்கம் திருவிடைவாய் என்ற ஊரில், ஏடுகளில் எங்கும் இல்லாத ஒரு சம்பந்தர் பதிகத்தை யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கோயில் கல்லிலேயே வெட்டி வைத்திருந்தான். 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கல்வெட்டுக்காரர்கள் அதைப் படியெடுத்தபோதுதான் பதிகம் திரும்பக் கிடைத்தது.

இன்றைய கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'மூணு-ரெண்டு-ஒண்ணு' என்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்றாவது வேறு ஊரில். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒருவர் 2005-ல் வந்த தன் புத்தகத்தில் பிரபலப்படுத்திய விதி. ஓலை ஒன்று, கல் ஒன்று, ஓதுவாரின் தொண்டை ஒன்று என்று நம்மிடமும் இருந்திருக்கிறது. விதியாக எழுதி வைக்கவில்லை. நாம் எதைத்தான் எழுதி வைத்தோம்.

பெரிய இடத்திலும் இதுதான் நடக்கிறது. 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்களை யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் சீட்டு, அட்மிஷன், லேப் ரிப்போர்ட் எல்லாம் பேனாவால். பூட்டப்பட்டது ஆஸ்பத்திரியின் டேட்டா என்று பத்திரிகைகள் எழுதின. பீகாரிலிருந்து ரயிலேறி வந்து, போன மாத ஸ்கேன் எங்கே என்று வரிசையில் நின்றவனைக் கேட்டால் அது யாருடைய டேட்டா என்று சொல்லியிருப்பான்.

பேக்கப் என்றால் ஃபைல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பர் அந்த 2015 ராத்திரியைப் பற்றி இன்னொரு விஷயம் சொன்னார். தண்ணீர் ஏற ஏற, மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனுக்கு மட்டும்தான் தெரியும். வாட்ச்மேன் அன்றைக்கு லீவு. ஷெட்டில் தங்கியிருந்த ஒடிசாப் பையன் ஒருவன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய், சுவரைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து அணைத்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. கப்பல் கரை சேர்ந்துவிட்டது. அதனால் அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஒரே ஒரு மனிதனின் தலைக்குள் மட்டும் இருக்கிற தகவலும் நகல் இல்லாத ஃபைல்தான். அது அழிந்தால் ஹார்டு டிஸ்க் போகாது, ஒரு பையன் போவான்.

இதையெல்லாம் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். என் மனைவி சாவகாசமாகக் கேட்டாள், "என் செல் நம்பர் சொல்லுங்க பார்ப்போம்."

சொல்ல முடியவில்லை. முதல் நாலு எண் வந்தது, பிறகு ஒரு மூடுபனி. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது 1980-களில் எங்கள் தெருக்கோடி மளிகைக் கடையில் இருந்த ஐந்து இலக்க நம்பர். அந்தக் கடையும் இல்லை, அந்த நம்பரும் இல்லை. 2015-ல் டவர்கள் செத்துப் போனபோது, இரவல் போன் கிடைத்தவர்கள்கூட யாருக்கு எந்த நம்பரை அடிப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மறுநாளே ஒரு அட்டையில் எட்டு நம்பர் எழுதி சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டினேன். அதில் ஒன்று மேல்வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் மகனுடையது. அவர் அமெரிக்காவில் இருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஏதாவது என்றால் தகவல் சொல்ல வேண்டிய நம்பர் அந்த அம்மாவின் போனில் மட்டும் இருந்தது. அது அவருடைய விஷயம் என்று இத்தனை நாள் நான் இருந்திருக்கிறேன்.

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவர் கிராமம். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் ஒருவன் டி.வி.யில் சுனாமிச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தான். கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். ஓடச் சொன்னான், ஊருக்கும் சொல்லச் சொன்னான். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்துக் கொடுத்த கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. கடல் எப்படி இருக்கிறது என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்லுகிற இடம். அதைத் திறந்து மைக்கில் அறிவித்தார்கள். ஊர் பிழைத்தது. அந்த ஸ்பீக்கர்கள் சுனாமிக்காக வைத்தவை அல்ல. தினம் தினம் அலை உயரம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால், அன்றைக்கு அதில் வந்த குரலை ஊர் நம்பி ஓடியது. ஒரு தடவை மட்டும் வேலை செய்தால் போதும் என்று வைக்கிற எதுவும் அந்த ஒரு தடவை வேலை செய்வதில்லை. எடுத்து வைத்த பேக்கப்பை ஒரு நாளாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா?

பெரியவர் கதைக்கு வருகிறேன். நண்பர் கடைசியில் நல்லவர்தான் என்று காட்டினார். தானே காரில் பெரியவர் வீட்டுக்குப் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. பெரியவரின் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தார். உள்ளே பாலிதீன் கவரில் சுற்றிய காகிதங்கள். 2004-லிருந்து சம்பளச் சீட்டுகள், இ.எஸ்.ஐ. அட்டை, ஆயுத பூஜை அன்று லேத்துக்குப் பொட்டு வைத்து எல்லோரும் நின்று எடுத்த போட்டோ.

"இதையெல்லாம் எதுக்கும்மா வெச்சிருந்தீங்க?" என்றார் நண்பர்.

"பேர் எழுதின காயிதத்தத் தூக்கிப் போடக்கூடாதுன்னு எங்க மாமியா சொல்லும்" என்றார் அந்த அம்மா. வெள்ளம் வந்தபோது முதலில் பரணில் ஏற்றியது அந்தப் பெட்டியைத்தானாம்.

மூன்று மாதம் அலைந்த பிறகு ஐந்து வருடம் கணக்கில் சேர்ந்தது. முதல் மூன்று வருடத்துக்குச் சீட்டு கிடைக்கவில்லை, அது போனது போனதுதான். ஐந்தும் ஆறும் பதினொன்று. பென்ஷன் வந்தது. இந்தத் திட்டத்தில் 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய். அவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. நீங்களும் நானும் ஓட்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிற பில்.

போன மாதம் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் இப்போது மேஜை மேல் ஏறிவிட்டது. வாராவாரம் சனிக்கிழமை தனி ஹார்டு டிஸ்க்கில் எல்லாவற்றையும் காப்பி எடுப்பதாகப் பெருமையோடு சொன்னார். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இங்கேதான் சார், பத்திரமா" என்று குனிந்து, மேஜையின் கடைசி டிராயரை இழுத்தார்.